ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி எனக்கு குமாஸ்தா வேலை கொடுத்தது. கையெழுத்தைப் பார்த்தல்ல, காலைப் பார்த்து. நாகர்கோவிலில் வெறுங்காலோடு நடுவரிசையில் கால்பந்து ஆடியவன் நான். தூத்துக்குடியில் ஆடப் போனபோது அந்தக் கம்பெனிக்காரர்கள் கண்ணில் பட்டேன்.

அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையின் உபதேசியார், போதகருக்கு அடுத்தவர். கப்பலேறும் முன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எங்க வேணும்னாலும் போய் வெளையாடு மக்கா. ஞாயித்துக்கெழம மட்டும் பந்தத் தொடாத."

ஞாயிறு கர்த்தரின் ஓய்வுநாளென்று எங்கள் வீட்டில் அன்று அடுப்புகூட மூட்டுவதில்லை. ஆகவே சரியென்றேன். அங்கே போனதும் பூட்ஸ் மாட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் குதிகால் புண்ணோடு தத்தித் தத்தி ஆடினேன். பிறகு நடுவரிசையில் என்னைத் தாண்டிப் பந்து போவது அபூர்வமாயிற்று. கர்வம் தலைக்கேறியது உண்மை.

இரண்டாம் வருஷம் இறுதி ஆட்டத்தன்று பேய்மழை. ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளினார்கள். மறுநாள் ஞாயிறு. நான் வரமாட்டேன் என்றதும் மேனேஜர் சிரிக்கவில்லை.

"நாளை ஆடாதவன் திங்கட்கிழமை ஆபீசுக்கும் வரவேண்டாம்."

காலையில் ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. வேலை போனால் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவது? மாலையில் பூட்ஸை மாட்டினேன். முதல் பாதியில் பந்து வரும்போதெல்லாம் ஒதுங்கிக்கொண்டேன். பிறகு ஆட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. அப்பாவை மறந்தேன். கர்த்தரையும் மறந்தேன். ஜெயித்தோம். பேப்பரில் என் படம் வந்தது, ஆடிய கிழமையோடு.

எங்களூர்க்காரர் ஒருவர் அந்தப் பேப்பரைக் கையோடு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்.

லீவில் வந்தேன். ஓய்வுநாளை மீறியவனைச் சபையில் எழுந்து நிற்கவைத்து, பெயரை வாசித்து, அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்திலிருந்து மூன்று மாதம் விலக்கிவைப்பது எங்கள் வழக்கம். வாசிக்க வேண்டியவர் உபதேசியார்.

அந்த ஞாயிறு ஆராதனையில் அப்பா என் பெயரைக் குரல் பிசகாமல் வாசித்தார். பெற்ற மகனென்று ஒரு எழுத்தாவது தடுமாறக்கூடாதா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அப்பத்தட்டு முன்வரிசைக்கு வந்தது. அப்பா எடுக்காமல் பக்கத்திலிருந்தவரிடம் நகர்த்திவிட்டார். சபையே பார்த்தது.

வீட்டுக்கு நடக்கும்போது எரிந்து விழுந்தேன். "நான் செய்ததுக்கு நீங்க எதுக்கு அப்பத்த விடணும்? ஊரு மெச்சவா?"

"ஒனக்காவ இல்ல." அவர் நடையை நிறுத்தவில்லை. "அந்தப் பேப்பர கொண்டுவந்தவரு ஒரு ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல வச்சுத் தந்தாரு. வேதபுஸ்தகம் தவிர ஒண்ணும் வாசிக்கக்கூடாத நாளுல்லா? திங்கக்கெழம வர பொறுக்க முடியல, மக்கா. கதவச் சாத்திட்டு வாசிச்சேன். ஒரு தடவ இல்ல, நாலு தடவ."