சங்கு மேடம் கத்தாத நாள்

என் அக்காவுக்கு வேலை கத்துவது. வேறு எப்படிச் சொன்னாலும் அது பூசி மெழுகுவதுதான். நியமன உத்தரவில் நுரையீரல் பரிசோதனைத் தொழில்நுட்பர் என்று இருக்கிறது; இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், நல்ல திடமான பிள்ளைகளைப் பிடித்து நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கவ்வச் சொல்லி, “ஊது ஊது ஊது, விடாத, இன்னும், இன்னும், இன்னும்” என்று கத்துவாள். பிள்ளை முகம் சிவந்து, கண் பிதுங்கி, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் ஆறு விநாடி விடாமல் வெளியே தள்ள வேண்டும். நடுவில் இருமினாலோ சிரித்தாலோ கம்ப்யூட்டர் செல்லாது என்று காட்டிவிடும். மூன்று ஊதல் ஒழுங்காகத் தேறினால்தான் அந்தப் பிள்ளை கணக்கில் சேரும்.

நான் அவளுக்கு உதவி. உயரமும் எடையும் பார்ப்பவள். செருப்பைக் கழற்று, கொண்டையை அவிழ், குதிகாலைச் சுவரோடு ஒட்டு, இவ்வளவுதான் என் வசனம். உயரத்தை வைத்துத்தான் மூச்சின் அளவைக் கணக்கிடுவது. கொண்டையோடு அளந்தால் எல்லாம் கெட்டது. இதை ஒரு தலைமையாசிரியராவது காதில் வாங்கியிருப்பாரா? அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். “ஒண்ணுமே இல்லாத பிள்ளைங்களுக்கு எதுக்கும்மா டெஸ்ட்?” நோயாளிக்கு மூச்சு குறைச்சல் என்று சொல்வதற்கு, நல்ல பிள்ளைக்கு எவ்வளவு மூச்சு என்று தெரிய வேண்டாமா? அதைப் பொறுமையாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு, “அப்படியே என் பிரஷரையும் பாத்துடுங்க” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அவள் சுபாவத்தில் பரம சாது. பேருந்தில் மீதிச் சில்லறை கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவாள். ஆனால் வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டால் மட்டும் காது விடைத்துக்கொள்ளும். “பாதியில நிறுத்தாதீங்க, முழுசா விடுங்க” என்பாள். மாமா இப்போதெல்லாம் பெருமூச்சு விடுவதையே நிறுத்திவிட்டார்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சங்கு மேடம். ஒரு பள்ளியில் முளைத்த பெயர், நாங்கள் போவதற்கு முன்பே அடுத்த பள்ளிக்குப் போய் உட்கார்ந்திருக்கும். அக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. வருத்தப்பட்டது அவள் மகள்.

மகளுக்குப் பதினான்கு வயது. அந்த வயதில் அம்மா தும்மினாலே மானம் போகும். ட்யூஷனில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி, நெட்டை என்று கூப்பிடுவார்கள், எங்கேயோ கேள்விப்பட்டதை வைத்துப் பெஞ்சின் மேல் ஏறி நின்று சங்கு மேடத்தை அப்படியே நடித்துக் காட்டினாளாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அது என் அம்மா என்று வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் அழுதாள். “சித்தி, அவங்களுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்.”

பார்த்தால், அடுத்த மாதப் பட்டியலில் அவள் பள்ளி. அக்கா விஷயத்தைச் சொன்னதும் பெண் அன்று சாப்பிடவில்லை. அக்கா கதவுக்கு வெளியே நின்று வாக்குக் கொடுத்தாள். “கத்த மாட்டேன். உன்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கவும் மாட்டேன். உங்க சித்தியும் அப்படித்தான்.” என்னைக் கேட்காமலே என் தலையிலும் கட்டினாள். கத்தாமல் எப்படி ஊதவைப்பாள் என்று நான் கேட்டதற்கு, “பாத்துக்கலாம்டி” என்றாள்.

நூலக அறையில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். முதல் பையன் குழாயைக் கவ்வினான். அக்கா துக்கம் விசாரிக்கிற குரலில், “ஊதுப்பா... நல்லா ஊது...” என்றாள். அவன் சூடான பாலை ஆற்றுவது மாதிரி ஊதினான். செல்லாது. அடுத்தவன், செல்லாது. அதற்கடுத்தவள் நடுவில் நிறுத்தி, “போதுமா ஆன்ட்டி?” என்று கேட்டாள். நூலகர் மட்டும் எங்களிடம் வந்து, “எவ்வளவு அமைதியா வேலை பாக்கறீங்க, எல்லாரும் உங்கள மாதிரி இருக்கணும்” என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“கத்தித் தொலையேன்” என்றேன் அவள் காதில்.

“குழந்தைக்கு வாக்குக் குடுத்துட்டேன்டி.”

கத்துவதில்லை என்றுதானே வாக்கு. ஆடுவதில்லை என்று சொல்லவில்லையே. அவள் தன் கன்னத்தை உப்பிக்கொண்டாள். கண்ணை உருட்டினாள். இரண்டு கையாலும் காற்றை வாரி வாரி வெளியே தள்ளினாள். குனிந்து, நிமிர்ந்து, நுனிக்காலில் எழும்பி, சத்தமே இல்லாமல் ஓர் ஆட்டம் ஆடினாள். இத்தனை வருடத்தில் அப்படியொரு கூத்தை நான் பார்த்ததில்லை. குழாயைக் கவ்வியிருந்த பையன் சிரித்ததில் குழாயே எகிறி விழுந்தது. வரிசையில் நின்றதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிரித்த ஊதல் ஒன்றும் செல்லாது. மதிய இடைவேளையில், இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிற பெரிய டாக்டர் போனில், “எத்தனை பேர் தேறுனாங்க?” என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்று நான் வைத்துவிட்டேன்.

மதியம் ஒன்பதாம் வகுப்பு வந்தது. என் அக்கா மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, நேற்று என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்ற பிள்ளை.

“பேர் என்னம்மா?” என்றேன். சொன்னாள். “வயசு?”

“பதினாலு, மேடம்.”

மேடமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம், அதுவும் நான் பரிமாறி. கொண்டையைக் கொஞ்சம் அழுத்தமாகவே அவிழ்த்துவிட்டேன்.

அவளுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அக்கா ஆடிய ஆட்டத்தையெல்லாம் அவள் வரிசையில் நின்று பார்த்தாள். பக்கத்தில் நெட்டை, “ஏய், இதுதான்டி அந்தச் சங்கு. பேட்டரி போயிடுச்சு போல” என்றாள். சுற்றிலும் சிரிப்பு. இந்த முறை எங்கள் பெண் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

அவள் முறை வந்தது. அக்கா யாரோ ஒரு பிள்ளைக்குச் செய்வது மாதிரி மூக்கில் கிளிப்பை மாட்டினாள். கன்னத்தை உப்பி, நுனிக்காலில் எழும்பினாள். பெண் ஊதினாள். பாதியில் மூச்சு நின்றது. செல்லாது. மறுபடியும் ஊதினாள். செல்லாது. அக்காவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே மறுபடியும் கையை வீசத் தயாரானாள்.

பெண் குழாயை வாயிலிருந்து எடுத்தாள். அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அம்மா, கத்திடு. ஆடாத. கத்திடு.”

மெதுவாகச் சொன்னதாக அவள் நினைப்பு. நூலகமல்லவா, கடைசி அலமாரி வரை கேட்டது.

அக்கா கத்தினாள். காலையிலிருந்து அடக்கிவைத்த அத்தனையும் சேர்ந்து வந்தது. “ஊது ஊது ஊது, விடாத, விடாத, இன்னும், இன்னும்.” மாடியிலிருந்து இரண்டு வாத்தியார்கள் இறங்கி ஓடி வந்தார்கள். நூலகர் நாற்காலியிலிருந்து எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். பெண் கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க ஊதினாள். ஆறு விநாடி தாண்டியும் ஊதினாள். திரையில் கோடு மலை மாதிரி ஏறி அழகாகச் சரிந்து இறங்கியது. அன்று தேறிய முதல் ஊதல். விடாமல் இன்னும் இரண்டையும் ஊதி முடித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. நெட்டை வாயைப் பிளந்து நின்றாள். “உங்க அம்மாவா?”

“ஆமா. எங்க அம்மா” என்றாள் பெண். கிளிப்பைக் கழற்ற மறந்ததால் குரல் மூக்கடைத்து வந்தது. என்னைக் காட்டி, “அது எங்க சித்தி. அடுத்தது நீதானே, போய் உக்காரு. பாதியில நிறுத்துனா விட மாட்டாங்க” என்றாள்.

நெட்டை அடக்கமாகப் போய் உட்கார்ந்து குழாயைக் கவ்வினாள். அக்கா அவள் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மறுபடியும் திறந்தாள், காற்றுதான் வந்தது; கண் மட்டும் மகள் மேலேயே இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து, நெட்டை தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.