மொட்டைமாடியில் காய்ந்த கறிவேப்பிலை

லண்டனில் இருக்கும் என் மகளுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எந்த மணமும் தெரியாமல் போயிற்று. பழகிய மணங்களைத் தினமும் முகர்ந்து பழகும்படி டாக்டர் சொன்னாராம்.

"எங்கட வீட்டுக் கறிவேப்பிலையை அனுப்புங்கோ அப்பா," என்றாள்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் பால்கனியில் அவளே நட்ட செடி அது. தெரிந்தவர் ஒருவர் மறுநாள் லண்டன் புறப்பட இருந்ததால், இலைகளை மொட்டைமாடியில் கொளுத்தும் வெயிலில் ஒரே பகலில் காயவைத்துக் கொடுத்துவிட்டேன்.

பொதி கிடைத்ததும் வீடியோவில் வந்தாள். இலைகளைக் கசக்கி மறுபடி மறுபடி முகர்ந்தாள்.

"ஒண்டும் மணக்கேல்லை அப்பா. எனக்கு இனி வராது போல," என்று அழுதாள்.

மிஞ்சிய இலைகள் என்னிடம் இருந்தன. இரண்டு நாள் கழித்துத்தான் அவற்றை முகர்ந்து பார்க்கத் தோன்றியது. எனக்கும் ஒன்றும் மணக்கவில்லை! மூலிகைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"வெயில்லயா போட்டீங்க? இலைட வாசம் அதுட எண்ணெயிலதான் ஈக்குது. சூட்டுல அது பறந்துரும். நெழல்ல காய வைங்க," என்றார் அவர்.

கடை வாசலிலேயே மகளுக்கு ஃபோன் எடுத்தேன். "பிழை உன்னில இல்லைப் பிள்ளை, என்னில," என்றேன்.

இம்முறை அவளுடைய அறையில் துணி விரித்து, நிழலில் ஐந்து நாள் காயவைத்தேன். வேலை இல்லாமலே அந்த அறைக்குள் போய்ப்போய் வந்தேன்.

இரண்டாவது பொதியை முகர்ந்தவள் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"கொஞ்சம் இருக்கு அப்பா," என்றாள்.

தினமும் அவள் முகத்தைப் பார்க்கிறேன், குரலைக் கேட்கிறேன். ஆனால் பக்கத்தில் இருந்திருந்தால், அந்த இலையை வாங்கி முகர்ந்து, எனக்கும் மணக்கவில்லை என்று அன்றே சொல்லியிருப்பேன். அவள் அந்த இரண்டு நாளும் அழுதிருக்க மாட்டாள்.