மூன்றாவது கட்டம்

மலேசியாவில், கிள்ளானில் நான் பார்த்துக்கொள்ளும் கிடங்கில் அப்போது சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். கன்டெய்னரிலிருந்து எது இறங்குவதானாலும் அவர்தான் வர வேண்டும்.

ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் நிர்வாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் என்று மனப்பாடம் செய்துவிட்டு, திங்கட்கிழமை வந்து ஊழியர்கள்மேல் பரிசோதித்துப் பார்ப்பேன். அப்படிப் பிறந்ததுதான் அந்தப் படிவம். கூடுதல் வேலைக்கு வர முடியுமா? முடியும், முடியாது. இரண்டே கட்டம். வழவழா கொழகொழா பேச்சுக்கு இனி இடமில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், துறைமுகத்தில் தேங்கிக் கிடந்த இரண்டு கன்டெய்னர்கள் மறுநாள் காலை வரும் என்று தகவல் வந்தது. படிவத்தோடு அவரிடம் போனேன்.

“அண்ணே, நாளைக்கு வர முடியுமா? அரை நாள்தான்.”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“பாக்கலாம் தங்கச்சி.”

நம் ஆட்கள் சொல்லும் ‘பாக்கலாம்’ என்ன என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பிடிக்காத சம்பந்தத்தையெல்லாம் என் அம்மா அந்த ஒரு சொல்லால்தான் வழியனுப்பி வைத்தார். முகத்துக்கு நேரே மறுக்கக் கூசுகிறவர்களின் ‘முடியாது’ அது. அது மட்டுமல்ல. அந்தச் சனிக்கிழமை அவருடைய மகளுக்குப் பட்டமளிப்பு விழா. ஒரு மாதத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். “கண்டிப்பா போயிட்டு வாங்கண்ணே” என்று சொன்னவளும் நான்தான். அவர் என்னைப் பார்த்தபடி நின்ற அந்தக் கணத்தில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வராததுபோல் நின்றேன். ‘முடியும்’ கட்டத்தில் நானே சரி போட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்துமாக வந்தார். சட்டைப் பையில் அழைப்பு அட்டை எட்டிப் பார்த்தது. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்திருப்பார். நான் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, சேப்டி ஷூ எங்க?”

சப்பாத்தை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறினார். முதல் கன்டெய்னரே பத்து மணிக்குத்தான் வந்தது. இரண்டாவது முடிந்தபோது மணி இரண்டாகியிருந்தது.

மறுநாள் வகுப்பில், எல்லா வேலையும் வந்து நெரிபடும் குறுகலான இடத்தைப் பற்றிப் பாடம். பாட்டில்நெக் என்றார் ஆசிரியர். உங்கள் இடத்தில் அது எது என்று கேட்டார். முந்திரிக்கொட்டைபோல் எழுந்து, எங்கள் ஃபோர்க்லிப்ட் அண்ணன் என்றேன்.

“ஏன், இன்னொருத்தரப் பழக்கலியா?”

“ஆள் கிடைக்கல சார்.”

பொய். இன்னோர் ஆளைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி அந்த அண்ணனே இரண்டு தடவை கேட்டிருந்தார். அனுப்பினால் சில நாள் ஒரு கை குறையுமே என்று தள்ளிப்போட்டவள் நான். குறுகலான இடம் எது என்று நன்றாகத் தெரிந்துதான் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கைப்பேசியை நீட்டி, மகளின் படத்தைக் காட்டினார். மகள் கறுப்பு அங்கியில், பக்கத்தில் மனைவி மட்டும்.

“நல்லா வந்திருக்குல்ல?” என்றார்.

“மன்னிச்சிடுங்கண்ணே. எனக்கு ஞாபகமே இல்லாம போச்சு.”

மன்னிப்பு கேட்கும்போதும் பொய்தான். அவர் என்னைப் பார்த்தார், வெள்ளிக்கிழமை பார்த்த அதே பார்வை.

“பரவால்ல லா, மேடம்.”

இப்போது எங்களிடம் ஃபோர்க்லிப்ட் ஓட்ட மூன்று பேர் இருக்கிறார்கள். படிவத்தில் ‘பார்க்கலாம்’ என்று மூன்றாவது கட்டம் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். அதில் சரி போட்டவரை அன்றைக்குக் கூப்பிடுவதில்லை. மற்றவர்கள் தாராளமாகப் போடுகிறார்கள். அது யாருக்காக வந்த கட்டமோ, அவர் மட்டும் இதுவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. போன வாரமும் படிவத்தை நீட்டி, “கஷ்டம்னா வேணாம்ணே” என்றேன்.

பேனாவை வாங்கி ‘முடியும்’ கட்டத்தில் சரி போட்டார்.

“ஓகே, மேடம்.”