ஈரம் குடித்த பலகை

“சத்தம் மாறிச்சா?” என்று அண்ணன் கேட்பான். சுத்தியல் அந்தரத்தில் நிற்கும், கண் என் முகத்தில் இருக்கும். நான் தலையை ஆட்டினால் அடுத்த ஓட்டைக்குப் போவான். உதட்டைப் பிதுக்கினால் இன்னொரு தட்டு. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைக் கம்பம் அது. நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். டரட் என்பார்கள். கித்தார் ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே செய்கிறவர்கள் பலகையில் வரிசையாக ஓட்டை போட்டு, இதை ஒவ்வொன்றாகச் செருகி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைத் தட்டி விரிப்பார்கள். விரிந்த வால் பலகையைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் அதில்தான் ஒயர்களைச் சுற்றி ஈயம் வைப்பது. குறைத்துத் தட்டினால் கம்பம் ஆடும், கூடிப்போனால் பலகை பிளக்கும். சரியாக உட்காரும்போது ‘டொக்’ என்கிற சத்தம் ‘டிக்’ என்று இறுகும். சிநேகிதர்களுக்கு நாலைந்து ஆம்ப் செய்து கொடுத்தவன் அண்ணன். அந்த ‘டிக்’கைத் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பான். அந்த வருஷம் என்னைக் கேட்க வேண்டியதாகிவிட்டது.

மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள ஒரு தேயிலை பேக்டரியில் அண்ணன் சார்ஜ்மேன். கரண்டு வேலை எல்லாம் அவன் பொறுப்பு. நான் அங்கேயே தூள் சலிக்கும் பகுதியில் இருந்தேன். தோட்டத்து லைன் வீடுகளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே ஒரே அடுப்பு. அவனுக்கு முதலில் இடது காது மந்தமானது, பிறகு வலது. மெஷின் சத்தமோ, வேறு கோளாறோ, ஈப்போ டாக்டருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னார்: இது நிற்காது, முழுசாகப் போய்விடும், மாதக்கணக்கோ வாரக்கணக்கோ சொல்ல முடியாது. காதில் வைக்கிற மெஷினும் கொடுத்தார். அதில் பேச்சு கொஞ்சம் கேட்டது. கித்தார் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருந்ததாம். கழற்றி அலமாரியில் வைத்துவிட்டான்.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “ஒரே ஒரு தடவை என் பாட்ட முழுசா கேக்கணும் தங்கச்சி. நல்ல சத்தத்துல,” என்றான். அம்மா இறந்த வருஷம் அவனே போட்ட மெட்டு அது. சொல் கிடையாது, கித்தார் மட்டும்தான். அதை யாருக்கும் முழுசாக வாசித்துக் காட்டியதில்லை, எனக்கும்தான். நல்ல வால்வு ஆம்ப் செய்து அதில்தான் வாசிப்பேன் என்று டிரான்ஸ்பார்மர், வால்வு, பெரிய ஸ்பீக்கர் என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்திருந்தான். இல்லாதது பலகை ஒன்றுதான்.

ஈரம் பிடிக்காத அந்தக் கண்ணாடிநார் பலகை கேஎல் பட்டணத்துக் கடையிலிருந்து வர வேண்டும். கேட்டால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள், அதுவும் நிச்சயமில்லை. எனக்குப் பிறவியிலேயே அவசரம். சோறு வேகும்வரை மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ஜாதி நான். பேக்டரி ஸ்டோரில் பழைய தேயிலைப் பெட்டிகளின் பிளைவுட் கிடந்தது, இலை காயவைக்கிற ட்ரையர் பக்கத்திலேயே பல வருஷம் கிடந்து அப்பளமாகக் காய்ந்தது. ஸ்டோர் கணக்கு எழுதுகிற கிராணியிடம் சொல்லிவிட்டு ஒரு துண்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டேன்.

“மரம் ஈரம் இழுக்கும்லா,” என்றான்.

“எலும்பா காஞ்சிருக்கு, தொட்டுப் பாரு! மூணு வாரம் உன் காது காத்துக்கிட்டு இருக்குமா?” என்று கத்தினேன். அப்போதெல்லாம் அவனிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஆனால் இதைக் கத்தியிருக்கக் கூடாது. அவன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் பயம்தானே. சரி என்றான். இரண்டு கோட் வார்னிஷ் அடித்து, காய்ந்தபின் ஐம்பத்தாறு ஓட்டை போட்டான். பலகையின் மேலே வார்னிஷ் இருந்தது, ஓட்டைக்குள்ளே வெறும் மரம். அதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ட்ரையர் ரூம் மூலையில் அவனுடைய வேலை மேசை இருந்தது. மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான் டரட் அடித்தோம். “ஒன் காத நம்பி எறங்கிட்டேன், கவுத்துறாத,” என்று சிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேக்டரி ஓடாத நேரத்தில் கித்தாரை மாட்டினான். ட்ரையரின் சூடு இன்னும் அந்த அறையில் இருந்தது. கித்தாரில் முதல் கார்டைத் தட்டியதும் அவன் முகம் இருக்கிறதே... ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! வாய் திறந்தபடி என்னைப் பார்த்து, “கேக்குது, கேக்குது!” என்று கூவினான். பாட்டை ஆரம்பித்தான். கால்வாசிகூடப் போயிருக்காது. அடுத்த ஷிப்டுக்கு ட்ரையர் மூட்ட ஆட்கள் வரும் நேரம். மேனேஜர் துரை வந்தால் சத்தம் போடுவாரே என்று நான் அவன் தோளைத் தட்டினேன்.

“போலாம்ணே. வீட்டுல போய் நிம்மதியா வாசிச்சுக்கலாம், வா.”

அவன் சுவிட்சை அணைத்தான்.

அன்று சாயங்காலமே மழை பிடித்து லைனில் கரண்டு போய்விட்டது, மறுநாளும் மழை. அதற்கடுத்த நாள் ஜன்னலைச் சாத்தினாலும் பனி வீட்டுக்குள் வந்தது, துணியெல்லாம் நசநசத்தது. சாயங்காலம் ஆம்பைப் போட்டபோது கரகரவென்று கத்தியது, பிறகு உர்ரென்று ஒரே இரைச்சல், பியூஸ் போய்விட்டது. அண்ணன் மீட்டரை இரண்டு டரட்டுக்கு நடுவில் வைத்துப் பார்த்தான். பலகையே கரண்டைக் கடத்திக்கொண்டிருந்தது. “உள்ள ஈரம் குடிச்சிருச்சு. இத தொட்டா ஆள் காலி,” என்றான். எரிகிற அடுப்புக்கு மேலே பலகையை இரண்டு நாள் கட்டித் தொங்கவிட்டேன், ஈரம் போகவில்லை. ஆம்பைத் திரும்ப பேக்டரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அழுதேன். ஆனால் அங்கே சீசன் தொடங்கிவிட்டது, இலை நசுக்குகிற ரோலர்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் அவனுக்கு எதுவும் பிடிபடாது. கேஎல்லுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். வாரா வாரம் தபாலாபீசுக்கு ஓடினேன். இதற்குள் அண்ணன் பால் லோரி ஹாரனுக்குத் திரும்புவதில்லை, அப்புறம் பேக்டரி சங்குக்கும் திரும்புவதில்லை. ஐந்தாவது வாரம் பலகை வந்தது.

இன்றும் அவன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். ரிங்லெட் பாசாருக்கு ஒன்றாகத்தான் போகிறோம். ஒரு நாளும் என்மேல் பழி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

அந்தப் புதுப் பலகையில் ஐம்பத்தாறு டரட்டையும் அடித்து, ஒயர் வைத்து முடித்த அன்று சனிக்கிழமை மத்தியானம். போன் திரையில் முள்ளைப் பார்த்துக் கித்தாருக்குச் சுருதி சேர்த்தான். வாசித்தான். தகரக் கூரை அதிர்ந்தது, எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது, பக்கத்து அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அண்ணன் நிறுத்தினான். வால்யூமைக் கடைசிவரை திருகி மறுபடி தட்டினான். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

“வரலையே,” என்றான். “நீ சரின்னதுல எதோ ஒண்ணு ஆடுது.”

 ஆம்பை அணைத்து, மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, பின்மூடியைக் கழற்றினான். ஒவ்வொரு டரட்டாகக் காட்டினான். நான் நகத்தால் ஆட்டிப் பார்த்தேன்.

“இது?”

கெட்டி என்று தலையசைத்தேன்.

“இது?”

அதுவும் கெட்டி. ஐம்பத்தாறும் கெட்டியாக இருந்தன. காட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்றபோது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். நான் அழுதுகொண்டிருந்தேன்.

“வருதா?”

“வருதுண்ணே.”

“எரைச்சல்?”

“இல்லண்ணே. சுத்தமா இருக்கு.”

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூடியை வைத்துத் திருகை முடுக்கி, சுவிட்சைப் போட்டு, கித்தாரை மடியில் எடுத்தான்.

“தாப்பாலா, பரவால்ல, விடு. இப்படி உக்காரு. முழுசா வாசிக்கிறேன், நீ கேளு.”

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டேன். நான் மட்டும் கேட்டேன்.