அதிரும் பலகையில் ஏறிய லைன்மேன்

மின்சார அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் லைன்மேனாக இருந்தவர் அவர். ஆள் நெட்டை. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் 'கம்பம்'. புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் இடுப்பில் கயிறும் தோளில் பையுமாக ஈரக் கம்பத்தில் ஏறி, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் கம்பி முறுக்குவார். ஓய்வு பெற்ற நாளில் பேசிய அத்தனை பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: இவர் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. எழுபது வயது வரைக்கும் அந்தப் பெருமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

மனைவி இறந்தபின் அக்காவோடு வந்து சேர்ந்துகொண்டார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவர். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். தம்பியைவிட நாலு வயது மூப்பு, வாய் மட்டும் இன்னும் இளசு. கீழ்த்தளத்தில் இரண்டு அறை, குளியலறைக்கு இறங்க ஒரு படி. அந்தப் படியில்தான் அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

எலும்பு சேர்ந்து ஆறு மாதமாகிவிட்டது. பயம்தான் போகவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகவே சுவரைத் தடவிக்கொண்டு போனார். தினமும் நூலகத்துக்குப் போய் ஜன்னலோர மேசையில் பத்திரிகை படித்துவிட்டு வருகிறவர், "வெளிவேலையெல்லாம் இனிமே உன் தலையிலதான்டா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பழைய சக ஊழியர் ஒருவர் சொன்னார்: மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு பிசியோதெரபி நிலையம் இருக்கிறது, அங்கே ஒரு மெஷின், ஏறி நின்றால் போதும், கிடுகிடுவென்று ஆட்டும், காலுக்குப் பலம் வரும், தள்ளாட்டம் குறையும். கம்பம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அக்காவை இழுக்காத குறையாக அழைத்துப் போனார்.

ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கொக்கிகளில் ரப்பர் பட்டைகள் தொங்கின. மூலையில் எடை பார்க்கும் கருவியைப் பெரிதாக்கிய மாதிரி ஒரு பலகை, முன்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி. பிசியோதெரபிஸ்ட் ஒரு இளம் பெண். படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நெஞ்சுல ஏதாவது கருவி வெச்சிருக்காங்களாம்மா?"

அக்கா தோள்பட்டைக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "பேஸ்மேக்கர். ஏழு வருஷமாச்சு."

அவள் பேனாவை மூடினாள். "அப்ப இந்த மெஷின் உங்களுக்கு வேண்டாம்மா. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யற பயிற்சி சொல்லித் தர்றேன்."

கம்பத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேனேம்மா..."

"ஐயா, நீங்க எப்பவாவது விழுந்திருக்கீங்களா?"

"நானா? கம்பம் ஏறின ஆளும்மா நான்."

"அப்ப ஒரு காலைத் தூக்கி நில்லுங்க, பார்ப்போம்."

சிரித்துக்கொண்டே தூக்கினார். நாலாவது நொடியில் கை தானாகச் சுவரைத் தேடியது. கால் மாற்றி நின்றார். மூன்று நொடி. காது மடல் சூடேறியது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை விழுந்துட்டேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "ஒரு தடவை பஸ்ஸை விட்டு இறங்கறப்ப. ஒரு தடவை கொடியில துணி எடுக்கறப்ப."

அந்த இரண்டு தடவையும் முழங்கைக் காயத்துக்கு அவர் அக்காவிடம் சொன்ன காரணம், கதவு இடித்துவிட்டது என்பது.

"தெரியும்டா," என்றார் அக்கா. "நம்ம வீட்டுக் கதவு அவ்வளவு முரடு இல்ல."

துணைக்கு வந்தவர் மாட்டிக்கொண்டார். அதே படிவத்தை அவருக்கும் நிரப்பினாள். அவருடைய டாக்டரிடமிருந்து சரி என்று கடிதம் வந்தபின் அடுத்த வாரம் பலகையில் ஏற்றினாள். பொத்தானை அழுத்தியதுதான் தாமதம், "கரன்ட்டு!" என்று கத்திக்கொண்டு குதித்துவிட்டார். நல்லவேளை, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லைய்யா, வெறும் அதிர்வுதான்."

"முப்பத்தாறு வருஷமா கால்ல இப்படி ஒரு விறுவிறுப்பு வந்தா உயிர் போச்சுன்னு அர்த்தம்மா," என்றார், மூச்சு வாங்க.

"இப்ப வந்தா உயிர் நிக்குதுன்னு வெச்சுக்க. ஏறுடா," என்றார் அக்கா.

மறுபடி ஏறினார். முட்டியை விறைப்பாக வைத்தால் அதிர்வு பல்வரைக்கும் போனது. கொஞ்சம் மடக்கினால் தொடையோடு நின்றது. ஒரு நிமிஷம் ஆட்டம், ஒரு நிமிஷம் ஓய்வு. இறங்கியதும் தரையில் போட்ட கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டவைத்து நடை, பிறகு கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. "மெஷின் மட்டும் போதும்னு நான் யாருக்கும் சொல்றதில்லைய்யா," என்றாள் அவள். "சிலருக்கு நல்லா உதவுது, சிலருக்கு அவ்வளவா இல்ல. மத்ததை விட்டுடாதீங்க." பக்கத்தில் அக்கா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றித் தூக்கினார். தம்பி ஏமாற்றாமல் இருக்க எண்ணிக்கையும் அவர்தான்.

வாரம் மூன்று நாள் போனார்கள். ஐந்தாவது வாரம் கம்பத்துக்கு முட்டி வலித்தது. மெஷினை ஒரு வாரம் நிறுத்தினார்கள். அந்த வாரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரைத் துளைத்து, குளியலறைப் படிக்குப் பக்கத்தில் கைப்பிடி மாட்டினார். கோணலாக இருக்கிறது என்று அக்கா இரண்டு தடவை கழற்ற வைத்தார்.

மூன்று மாதம் கழித்துச் சோதனை. கம்பம் ஒற்றைக் காலில் பதினாலு நொடி நின்றார். அக்கா பதினாறு.

"மெஷின்ல ஏறாமலேயே!" என்று வீடு வந்து சேரும்வரை அக்கா வாய் ஓயவில்லை. கம்பத்துக்குக் கோபம் வரவில்லை. தரையில் நிற்கும்போது கால் தனக்குச் சொந்தமானது மாதிரி இருந்தது. அதுவே போதும் என்று நினைத்தார்.

அதற்கடுத்த வாரம், மழை விட்ட ஒரு காலையில், "நூலகம் வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்று அக்காவே கேட்டார். சுவர் இல்லாத சாலையில் தம்பியின் முழங்கையை லேசாகப் பிடித்தபடி நடந்தார். நூலக வாசலின் சரிவில் கையை விட்டுவிட்டு, கைப்பிடியைப் பற்றி முன்னால் ஏறிப் போனார். பின்னால் வந்த கம்பத்துக்கு ஈரத்தில் செருப்பு வழுக்கியது. அடுத்த கால் சட்டென்று முன்னே போய் ஊன்றியது. நின்றுவிட்டார். யாரும் பார்க்கவில்லை.

"அக்கா."

"என்னடா?"

"இப்ப வழுக்கிடுச்சு."

அக்கா சட்டென்று திரும்பினார். "விழுந்தியா?"

"இல்ல. உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அக்கா அவர் மேலே ஏறி வரும்வரை அங்கேயே நின்றார். பிறகு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். ஜன்னலோர மேசை காலியாக இருந்தது.