அம்மன் சொல்லாத பதில்

அக்கா பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்து, எண்பத்தொரு வயதில் அதே வீட்டில் கண் மூடினார். இடைப்பட்ட வாழ்வை உறவினர்கள் அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்றை இந்த முதலாண்டு நினைவு மலரில் எழுதிவைக்க, அவருடைய தம்பியாகிய நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினாறு வயது. அன்று முதல் தறி அவருடையதாயிற்று. கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் இணைத்து நெய்ய இருவர் வேண்டும். துணைக்கு அம்மா உட்கார்ந்தார். நான் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போனேன்.

அறுபதுகளின் நடுவில் ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்த்துவிட்டு அவர்கள் போனதும், பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டார்.

"காதுதாம்மா கொஞ்சம் பெருசா இருக்குது. நான் சொல்றது நல்லா கேக்கும்" என்றார் அக்கா. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் வீட்டு வழக்கப்படி, தெருவிலுள்ள அம்மன் சன்னதியில் பூப்போட்டுக் கேட்க முடிவாயிற்று. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். கைக்கு வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டும் வேலையை என்னிடம் விட்டார்கள். அக்கா போய்விட்டால் அம்மாவோடு தறியில் நான்தான் உட்கார வேண்டும், படிப்பு நின்றுவிடும். இரண்டிலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினேன். அக்கா கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். மற்றதைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை.

உத்தரவு கிடைக்கவில்லை என்று ஆரணிக்குச் சொல்லி அனுப்பினோம். ஒருமுறை கேட்டாயிற்று என்று, பின்னால் வந்த வரன்களையும் அக்கா மறுத்துவிட்டார். யாராவது துருவினால், "அவ வேணாம்னுட்டா. எனக்குப் புரியலன்னா காரணமே இல்லன்னு ஆயிடுமா?" என்பார்.

நான் பட்டம் பெற்றேன், ஆசிரியரானேன், மணம் முடித்தேன். புரியாதபோதும் கடவுளை நம்புவது எப்படி என்பதற்கு, வகுப்பில் அக்காவையே உதாரணம் காட்டினேன். அப்போது என் நாக்கு கூசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு அக்கா படுத்த படுக்கையான பின், தாங்க முடியாமல் சொன்னேன். அவர் அழவில்லை. இரண்டு நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மூன்றாம் நாள் பேசினார்.

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம போயி, ஏன்டி வேணாம்னேன்னு அவளாண்ட சண்ட போட்டுக்கினு இருந்தேன். வாயே தொறக்கல. கல்லுன்னுகூட திட்டிட்டேன். சொல்லாத பேச்சுக்கு அவ எப்டிடா காரணம் சொல்லுவா?"

மன்னிப்புக் கேட்டேன்.

"அவள நம்புறேன்னு நெனச்சிக்கினு உன்னத்தான் நம்பியிருக்கேன். மொதல்ல நான் போயி அவகிட்ட மன்னிப்பு கேக்கணும். உன்னுத அப்பறம் பாக்கலாம். நீ கூட வராத."

பொய்யைத் தன் காலடியில் வைத்தபோது அம்மன் ஏன் பேசாமல் இருந்தாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அக்காவுக்கும் விளங்கியிருக்காது. ஆனாலும் அவர் அவளிடம்தான் போனார். போய்வந்த நான்காம் நாள் காலமானார். என் முறை வரவில்லை.

அம்மன் சன்னதிக்கு அவரை நாற்காலியோடு தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், அவர் கும்பிட்டு முடிக்கும்வரை நடை சாத்தாமல் காத்திருந்த பூசாரிக்கும், கடைசிவரை குளிப்பாட்டி உணவூட்டிய என் மருமகளுக்கும் நன்றி. உடன்பிறந்தவளை இப்படித் தாங்கினீர்களே என்று என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்ன உங்கள் அனைவருக்கும் நன்றி. அந்த ஆறுதலை இப்போது திருப்பிக் கொடுக்கிறேன்.