நண்பகல் இரணம்

அந்தக் குரல் மாடிப்படியின் அடியிலிருந்து வந்தது. "அய்யா, நாளைக்குப் பகலு ஒங்க இரணம் எங்க வீட்டுலதான். தப்பிச்சிரலாம்னு பாக்காதீக!"

சொன்னவர், கீழக்கரையில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர். வளைகுடாத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து திரும்பியவர். கதவை அடைத்து நிற்கும் தோள். தமிழாசிரியனாக ஓய்வுபெற்ற எனக்கோ இரணம் என்றால் புண். அன்று காலைதான் அவருடைய ஆடு என் கீரைப் பாத்தியை வேரோடு முடித்திருந்தது. நானும் தூய தமிழில் நெடுநேரம் சினந்து, "தங்கள் விலங்கினைக் கட்டுக" என்று நிறைவு செய்திருந்தேன். அவர் மறுமொழி கூறாது ஆட்டை இழுத்துச் சென்றார். அந்த அமைதியின் பொருள் இப்போதுதான் விளங்கிற்று.

உடனே வேறு வீடு பார்க்குமாறு ஊர்த் தரகரிடம் சொன்னேன். காவல்துறையில் ஓய்வுபெற்ற என் மைத்துனரையும் அழைத்தேன். மறுநாள் அவர் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். "மச்சான், நேரங் குறிச்சுச் சொல்லிட்டு அடிக்கிறவன நான் பாத்ததே இல்ல. பெரிய ஆளாத்தான் இருக்கணும்" என்றார். எனக்குத் துணிவூட்டவே அவரை வரவழைத்திருந்தேன்.

நண்பகலில் இறங்கினோம். கூடத்தில் பாய் விரித்திருந்தது, நெய்ச்சோற்றின் மணம். பேரனுக்குப் பெயர் வைத்த விருந்தாம். வீட்டுக்காரர் கைத்தடியைக் கண்டு மைத்துனரைத் தாங்கிப் பிடித்தார். "கால்வலியா? சாஞ்சு உக்காருங்க. ஒங்க இரணமும் இங்கனதான் எழுதியிருக்கு போல."

மைத்துனர் வெளிறிப் போனார். "எந்த இரணம்?" என்றேன் நான்.

"இந்தா, இதுதாய்யா. அல்லாஹ் நமக்குன்னு வச்ச சோறு. ஒங்க கீரை ஆட்டுக்கு இரணம். ஆடு இன்னைக்கு ஒங்களுக்கு இரணம். வழக்கு தீந்துச்சா?"

புண் என்று நான் பயிற்றுவித்த சொல்லை, இவர்கள் உணவுக்கும் பிழைப்புக்கும் ஊழுக்கும் அன்றாடம் வழங்குகிறார்கள். வலை வெறுமையாக வந்தால், "இன்னைக்கு இரணம் அம்புட்டுத்தான்" என்பார்கள். துபாய்க்கு விமானம் ஏறுகிறவன், "இரணம் அங்கன இழுக்குது" என்பான். இவ்வாறு நான் சொல்லாராய்ச்சியில் மூழ்கியிருக்க, மைத்துனர் மூன்றாம் முறை கறி வாங்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டக் காலி பண்றீகன்னு தரகர் சொன்னாரே, நெசமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அவர் முகம் வாடியிருந்தது.

என் கை சோற்றிலேயே நின்றது. "முதலில் இந்த இரணம் ஆறட்டும், பிறகு பார்ப்போம்" என்றேன், புண் என்ற பழைய பொருளிலேயே.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "ஆறிப்போச்சுன்னா சொல்லச் சொல்லுங்க, சுட வச்சுத் தாரேன்."

வீட்டுக்காரர் இன்று உயிரோடு இல்லை. அவ்வம்மையார் இன்னும் அந்த இரணத்தை ஆறவிடவில்லை. நானும் மாடியைக் காலி செய்யவில்லை.